கடைமடையின் கணக்கு

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சென்றால் நாவிதன்வெளி. தொலைவு சில மைல்களே. ஆயினும் மாரி வெள்ளம் தாம்போதியை மூடிய நாட்களில் அக்கரைக் கர்ப்பிணிக்கு இக்கரை மருத்துவமனை எட்டாத தேசமாயிற்று. இப்பழியை மழையின்மேல் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ளலாகாது.

மட்டக்களப்புத் தமிழில் 'வெளி' என்பது நெல்வயற் பரப்பு. அவ்வெளிகளுக்குரிய போடிமார், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், பெரும்பாலும் கரையோர ஊர்களில் வாழ்ந்தனர். வயற்காரரோ வெளியிலேயே கிடந்துழைத்தனர். நெல்லும் பணமும் கரைக்குப் போயின. கடைத்தெருவும் பெரிய பள்ளிக்கூடமும் அங்கேயே எழுந்தன. ஊரின் பெயரில் நிற்பவன் என்னவோ ஒரு தொழிலாளிதான்!

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காடழித்து அமைத்த குடியேற்றங்களுக்கு எண்களே பெயராயின. நாவிதன்வெளிப் பகுதியில் 7ஆம் கிராமம், 12ஆம் கொலனி என்று ஊர்கள் இன்றும் எண்களாலேயே வழங்குகின்றன. இடதுகரை வாய்க்காலின் தலைமடையில் சிங்களக் குடியேற்றவாசிகள் அமர்ந்தனர்; கடைமடையில் தமிழ் பேசும் உழவர். மேலே மிஞ்சியதே கீழே வந்தது. 1956இல் கல்லோயாவில் இரத்தமும் சிந்திற்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, கச்சேரியும் கரையோரத்துக்கு வரவில்லை. உள்நாட்டு அம்பாறை நகரிலேயே அமைந்தது.

இதனால் தலைமடை உழவனைப் பகைவனென்று கொள்வது பெரும் பிழை. 1980இல் தொடங்கிய புனரமைப்பு வேலையின்போது, கொழும்பின் கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இடதுகரை உழவரைச் சிறு குழுக்களாகத் திரட்டின. சமுத்திரத்தில் நீர் மிகக் குறைந்திருந்த 1981இல், மேல்மடைச் சிங்கள உழவர் பலர் தம் மதகுகளை முறைவைத்து மூடிக் கீழ்மடைக்கு நீர் விட்டனர். அந்நீர் தமிழர் வயலுக்கும் பாய்ந்தது. வகுத்தவர் வேறு, வாழ்ந்தவர் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி, அளவையின் கதை. சார்ள்ஸ் பூத் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இலண்டனின் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, வரைபடத்தில் நிறமிட்டுக் காட்டினார். இலங்கையிலோ, 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் குடும்ப வருமான செலவின ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் இடம்பெறவேயில்லை. போர் காரணம். வறியவரென்று எண்ணப்படும் வாய்ப்புக்கூட இம்மக்களுக்குக் கிட்டவில்லை. பின்னர் கிழக்கு சேர்க்கப்பட்டபோது கிடைத்தது மாவட்டச் சராசரி. இங்குராணைக் கரும்பும் கல்முனைக் கடையும் மருதமுனைத் தறியும் கடைமடை வயலும் ஒன்றாய்க் கூட்டி வகுக்கப்பட்டால், நாவிதன்வெளி எங்கே தெரியும்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைக் கொண்டு, பிரதேச செயலாளர் பிரிவு வாரியான வறுமை வரைபடம் 2015இல் வெளிவந்தது. இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் வறியோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையே அது சொல்லும். தாம்போதியில் வெள்ளம் நின்ற நாட்கள் எத்தனை, கடைசி மதகுக்கு நீர் வந்த நாட்கள் எத்தனை என்பதற்கு அதில் இடமில்லை.