ஊரே ஸ்ரூடியோ ஆன கதை

தொலைக்காட்சிப் புகழைப் பகிடி பண்ணுற பாட்டுப் படங்களில் 'ஷொக் ட்ரீட்மென்ட்' (1981) தனி ரகம். 'ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ' (1975) தந்த ஜிம் ஷார்மனும் ரிச்சர்ட் ஓ'பிரையனும் செய்தது. அமெரிக்காவில் உண்மையான ஊரொன்றில் எடுக்கத்தான் முதலில் திட்டம். 1980இல் ஹொலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்ய, படப்பிடிப்பு இங்கிலாந்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குள்ள போனது. வெளியில எடுக்க ஏலாது என்றதும் கதையையே மாத்தினார்கள்: டென்டன் என்ற ஊர் முழுக்க ஒரு தொலைக்காட்சி நிலையம், சனம் எல்லாம் பார்வையாளர்.

கணவன் பிராட்டை மனநல மருத்துவமனை நிகழ்ச்சி ஒன்றுக்குள்ள அடைத்துவிட்டு, மனைவி ஜெனட்டை நட்சத்திரமாக்குகிறார்கள். கடைசியில் சனமும் சந்தோசமாக அதே மருத்துவமனைக்குள்ள போகுது. படம் அப்போது ஓடவில்லை. ரசிகர் கூட்டம் பிறகுதான் சேர்ந்தது.

வன்னியில் இருந்து பார்க்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதையில்லை. போர்க்காலத்தில் மின்சாரமில்லாமல் ஜெனரேட்டர் போட்டுப் படம் பார்த்த ஊர்கள் இவை. இப்ப வீட்டுக்கு வீடு சென்னைப் பாட்டுப்போட்டி ஓடுது. 2023இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' வென்றபோது நாங்களும் துள்ளினோம். அந்தச் சந்தோசம் பொய்யில்லை. ஆனால் எங்கட பிள்ளைகள் அந்த மேடையில் ஏறினால், பாட்டோட போர் இழப்பும் நிகழ்ச்சியாகிறது. கமெரா அழுகிற முகங்களைத் தேடுது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கினார்கள். அதுக்கு நடுவர்களும் இல்லை, இறுதிச்சுற்றும் இல்லை. பாட்டுக்குக் கைதட்டுவோம், கண்ணீருக்குப் புள்ளி போட விடவேண்டாம்.