ஸ்கேன் ஜெல் கடந்து வரும் வழி

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலா வலியும் வந்தால், மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஸ்கேனும் எழுதித் தருவார். அந்தப் பெண் நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூருக்கு பஸ் ஏறுவார். சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிறையும்வரை காத்திருந்து படுத்ததும் அடிவயிற்றில் சில்லென்று ஒரு ஜெல் படும். அது எந்த வழியாக வந்தது என்று நோயாளி தெரிந்துகொள்வது நல்லது.

தோலுக்கும், அதன்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியின் ப்ரோபுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி அலை உடம்புக்குள் போகாமல் திரும்பிவிடும். கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, ஜான் மக்விக்கர், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோர் 1958இல் 'லான்செட்' இதழில் வயிற்று ஸ்கேன் படங்களை வெளியிட்டார்கள். அந்தக் காற்றை விலக்க அவர்கள் தடவியது ஆலிவ் எண்ணெய். எண்ணெயின் இடத்துக்குப் பின்னாளில் ஜெல் வந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர்; கெட்டியாக்கக் கார்போமர், கெடாமல் காக்கப் பாரபென் போன்றவை.

பர்கோல்டேரியா செபாசியா வகைக் கிருமிகள் பாரபெனையும் தாங்கிப் பிழைக்கும். 2021இல் ஒரு கனடா நிறுவனத்தின் ஜெல்லில் இக்கிருமி இருந்ததால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகளிடம் பரவிய இவ்வகைத் தொற்றின் ஊற்றுக்கண் ஸ்கேன் ஜெல்தான் என்று மருத்துவர்கள் தேடிக் கண்டுபிடித்து, 2019இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தங்கள் இடத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை போற்றத்தக்கது.

ஆலையில் சுத்தமாகப் புறப்பட்ட ஜெல்லும் வழியில் கெடலாம். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றுவது, தீர்ந்த பாட்டிலையே மறுபடி நிரப்புவது, பாட்டிலின் மூக்கு நோயாளியின் தோலில் படுவது என ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறக்கும் வாசல்.

காயமில்லாத தோல் பெரும்பாலும் அந்தக் கிருமியைத் தடுத்துவிடும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் 'உள் ஸ்கேனில்' அந்தக் காப்பு இல்லை. சிறுநீர்த் துவாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2010 முதல் 2016 வரையிலான ஸ்காட்லாந்து மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, உள் ஸ்கேன் செய்துகொண்ட பெண்களுக்கு அடுத்த 30 நாட்களில் பரிசோதனையில் கிருமி தென்படும் வாய்ப்பு, செய்துகொள்ளாதவர்களைவிட 41 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆன்டிபயாடிக் எழுதித் தரப்பட்டதும் 26 சதவீதம் கூடுதல். பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் ப்ரோப்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. கவனக்குறைவுக்கு இடமில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறது.

தடுக்கும் வழி எளியது. உள் ஸ்கேனுக்கும் ஊசி குத்திச் செய்யும் பரிசோதனைக்கும் கிருமி நீக்கிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஜெல் பாக்கெட் வேண்டும். ப்ரோபின் மேல் மாட்டும் உறை கிழியக்கூடும், ஆகவே உறை போட்டிருந்தாலும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ப்ரோபைத் துடைத்து, உயர்நிலைக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும்.

கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஸ்கேன் மையங்கள் பதிவு செய்யப்படுகின்றன; கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்குத் தனிப் படிவம் நிரப்பப்படுகிறது. ப்ரோப் சுத்தம் செய்த நேரத்தையும் ஜெல்லின் தொகுதி எண்ணையும் எழுத இன்னொரு பதிவேடு வைப்பது பெரிய சுமையல்ல. ஸ்கேனுக்குப் போகிறவர்களும், "ப்ரோபைச் சுத்தம் பண்ணிட்டீங்களாம்மா?" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.