மிதிவண்டியின் கழுத்தில் ஒரு வரலாறு

பேரரசுகளின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடிப் படிப்பது அறிஞர் வழக்கம். உழைத்து வாழ்ந்த மக்களின் வரலாறோ பெரும்பாலும் அவர்கள் கையாண்ட கருவிகளிலேயே தங்கிவிடுகிறது. நம் குடியிருப்பின் தாழ்வாரத்தில் துருவேறிச் சாய்ந்து நிற்கும் பழைய மிதிவண்டியும் அத்தகையதோர் ஏடே ஆகும். அதனைப் படிக்கத் தெரியாதவர் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிடுகிறார். ஆர்வமுடையவரோ அதனைப் புதுப்பிக்க முனைந்து, பொருந்தாத உறுப்பொன்றை வலிந்து பூட்டி, காக்க வந்த பொருளைத் தம் கையாலேயே கெடுத்துவிடுகிறார். இவ்விரண்டாம் இழப்பு நேராதிருக்க வேண்டிய வரலாற்றறிவைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார் நிக்கோபார் ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புடைய பவளத் தீவு, பெரும்பாலும் சமதளமானது. மேடும் பள்ளமும் மிகுந்த தென் அந்தமானோடு ஒப்பிட்டால், மிதிவண்டிக்கென்றே இயற்கை அமைத்த களம் இது எனலாம். ஆயினும் கடலின் உப்புக் காற்று இரும்புக்குப் பகை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்துச் சென்றபின், முந்தைய தலைமுறையின் பொருள் எதுவாயினும் அது அரிதாயிற்று. எஞ்சிய வண்டி ஒன்று இருப்பின், அதனைப் பேணுவது நம் கடமையன்றோ?

பழைய வண்டியில் முதலில் தளர்வது பெரும்பாலும் கழுத்தே. போர்க்கின் தண்டு, சட்டத்தின் கழுத்துக் குழாய்க்குள் நுழைந்து மேலே வருகிறது. குழாயின் மேலும் கீழும் இரு கப்புகள். அவற்றில் பால்ரஸ் குண்டுகள். போர்க்கின் தோளில் ஒரு கோன். தண்டின் தலைப்பில் மரை வழியே இறங்கும் மேல் கோன். அதன்மேல் வாஷரும் பூட்டு நட்டும். இவையெல்லாம் சேர்ந்ததே கழுத்துத் தொகுதி. ஹேண்டில்பாரை நேராக நிறுத்துகையில் பள்ளத்தில் விழுந்தாற்போல் அது சிக்கி நிற்குமாயின், குண்டுகள் தம் தடத்தில் குழி பதித்துவிட்டன என்பது பொருள். முன் பிரேக்கை அழுத்தி வண்டியை அசைக்கும்போது கழுத்தில் ஆட்டம் தெரியுமாயின், தொகுதி தளர்ந்துள்ளது. முறையாக இறுக்கியும் ஆட்டம் நீங்காவிடில் மாற்று உறுப்புத் தேடவேண்டும். தேடுமுன் தண்டின் மரை எத்தகையது என்று அறிதல் வேண்டும். அந்த மரைக்குள்தான் வரலாறு மறைந்துள்ளது.

முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொண்டது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. இக்குழப்பத்தை நீக்க, 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், 55 பாகைக் கோணத்தில் அமைந்த பொது மரை ஒன்றை முன்மொழிந்தார். 1885இல் காவன்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களைக் கொண்ட ரோவர் வண்டியை வெளியிட்டார். இன்றைய மிதிவண்டிக்கு அதுவே முன்னோடி. மெல்லிய குழாய்களால் ஆன வண்டிக்கு நுண்ணிய மரை தேவைப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மிதிவண்டிப் பொறியாளர்கள் தமக்கென 60 பாகை மரை அளவுகளை வகுத்தனர். போர்க் தண்டுக்கு ஓர் அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 மரையும் பொது வழக்காயின.

நாட்டிங்காம் நகரின் ராலே நிறுவனம் மட்டும் இவ்வழி நில்லாது, அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. வண்டியின் உறுப்புகளில் மிகப் பலவற்றைத் தானே செய்துகொண்ட பெருந்தொழிற்சாலைக்குப் பிறர் அளவை நாடவேண்டிய தேவை இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரரோ 25 மில்லிமீட்டர் தண்டில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மரை வெட்டினர். இத்தாலியர் 24 மரையை ஏற்றும், விட்வொர்த்தின் 55 பாகைக் கோணத்தை விடவில்லை. இவ்வாறு ஒரு சிறு நட்டுக்குள் நாடுகளின் பிடிவாதங்கள் அனைத்தும் குடிபுகுந்தன.

இங்கிலாந்திலிருந்து வண்டிகளை இறக்குமதி செய்துவந்த நம் நாடு, விடுதலைக்குப் பின் தானே பெருமளவில் செய்யத் தலைப்பட்டது. முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூடி, 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1951இல் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை எழுந்தது. 1951இல் சோனிபட்டில் அட்லஸும், 1956இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. அதே 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957இல் அணாவும் பைசாவும் போய் நயாபைசா வந்தது. ஆனால் மிதிவண்டியின் கழுத்து மட்டும் அங்குலக் கணக்கை விடவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வண்டியின் நெற்றியில் உள்ள பெயர்ப் பட்டயத்தை மட்டும் நம்பி உறுப்பு வாங்கலாகாது. 1957இல் பி.எஸ்.ஏ.வின் மிதிவண்டித் தொழில் ராலேயிடம் சென்றது. 1960இல் ராலேயும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் இணைந்தன. அதன்பின் நாட்டிங்காமில் உருவான வேறு பெயருடைய வண்டிகளிலும் 26 மரை இருக்கக் காணலாம். பட்டயம் விற்றவன் பெயரைக் கூறும். மரையோ செய்த பட்டறையைக் கூறும்.

மரையை அறிவது எளிது. தண்டைத் துருநீக்கித் துடைத்து, அரை அங்குல நீளத்தில் உள்ள மரைகளை எண்ணுக. பன்னிரண்டாயின் பொது அளவு; பதின்மூன்றாயின் ராலே அளவு. வேறுபாடு ஒரே ஒரு மரைதான். ஆயினும் அதனை அறியாது மாற்று நட்டை ஏற்றினால், இரண்டு மூன்று சுற்று ஏறி அது இறுகிவிடும். மேலும் ஸ்பேனர் கொண்டு முறுக்கினால் நட்டோடு தண்டின் மரையும் சிதையும். புது நட்டு நாலு காசு. பழைய போர்க்கோ எளிதில் கிடைக்காதது.

மரை பொருந்தினாலும் வேறு அளவுகளையும் நோக்கவேண்டும். குழாய்க்குள் இறங்கும் கப்பின் விட்டம் பிரிட்டிஷ் வழக்கில் 30.2 மில்லிமீட்டர், ஜப்பானிய வழக்கில் 30.0. போர்க்கின் தோளில் அமரும் கோனுக்கு முறையே 26.4, 27.0. தொகுதியின் மொத்த உயரமும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். உயரம் மிகுந்தால் பூட்டு நட்டுக்குப் போதிய மரை எஞ்சாது. ஓடும் வண்டியில் அது கழன்றால் உயிருக்கே இடர்.

இன்று கடைகளில் கிடைக்கும் மரையுள்ள தொகுதிகள் பெரும்பாலும் 24 மரை அளவின. 1990களிலிருந்து மரையற்ற தண்டே புதிய வண்டிகளில் பரவியதால், 26 மரைத் தொகுதி மேலும் அரிதாயிற்று. அவ்வண்டி உடையோர் தண்டைப் புது மரைக்கு வெட்டத் துணியலாகாது. தொகுதியில் மரையை நாடி நிற்பவை மேல் கோனும் பூட்டு நட்டும் மட்டுமே. பாரத்தைத் தாங்கி முதலில் தேய்பவையோ கீழ்க் கப்பும் கீழ்க் கோனும். ஆகவே மேலுறுப்புகளின் தடம் நன்றாயிருப்பின் அவற்றைத் துடைத்துக் காத்துக்கொண்டு, அளவொத்த கீழுறுப்புகளையும் குண்டுகளையும் மட்டும் மாற்றுதலே அறிவுடைமை. பின் கிரீஸ் தாராளமாக இடுக. உப்புக் காற்றுக்கு அதுவே கவசம்.

கப்பலை எதிர்நோக்கி வாழும் நமக்குத் தவறான உறுப்பு என்பது வாரக்கணக்கான காத்திருப்பு. ஆதலின் வாங்குமுன் அளந்து எழுதிக்கொள்க. கழற்றிய பழைய உறுப்பையும் எறியாது மாதிரியாக வைத்திருக்க. முந்தைய தலைமுறையினர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, பிள்ளைகளை முன் கம்பியில் அமர்த்திப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற வண்டிகள் இவை. அவற்றைச் சுவரில் சாய்த்துவைத்துப் போற்றுவதினும், கழுத்தைச் செம்மை செய்து மீண்டும் சாலையில் ஓட்டுவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.