பாலாற்றங்கரையில் பட்டாணியர்

ஆம்பூரை அடுத்த கணவாயில், 1749ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யுத்தத்தில் யானைமீதிருந்தபடியே குண்டுபட்டு மாண்டார். அந்த யுத்தத்தை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்னும் இருவருடைய போட்டிக்கு முகவுரையாகவே நம் பாடநூல்கள் போதிக்கின்றன. ஆயினும், அதை அடுத்த ஒன்றரை ஆண்டில் கர்நாடக தேசத்தின் கதியை இருமுறை மாற்றியவர்கள், பட்டாணியர் எனப்படும் ஆப்கானியக் குலத்தினரான கர்நூல், கடப்பை நவாபுகளும் அவர்களைச் சார்ந்தோருமே என்பது என் துணிபு.

ஆற்காட்டை ஆண்ட முஸ்லிம் பிரபுக்கள் எல்லாரையும் பட்டாணியர் என்று கருதுவது பிழை. அன்வருதீன் வடக்கே அயோத்தி நாட்டைச் சேர்ந்த கோபாமௌவிலிருந்து வந்த ஷேக். அவருக்கு முன் ஆண்ட சாதத்துல்லா கானின் வம்சத்தார், கொங்கணக் கரையில் குடியேறிய அராபியரின் சந்ததி என்று சொல்லப்படும் நவாயத்துகள். 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலிய ஐந்து கிராமங்களைச் சென்னைக் கும்பெனியாருக்கு அளித்த தாவூத் கான் ஒருவரே பன்னி என்னும் பட்டாணியக் குலத்தில் உதித்தவர். பன்னிகளும் மியானாக்களும் பீஜப்பூர் சுல்தான்களின் சைனியத்தில் உயர்ந்து, பின்னர் மொகலாயர் சேவையில் நிலைபெற்று, முன்னவர் கர்நூலிலும் பின்னவர் கடப்பையிலும் சவனூரிலும் வேரூன்றினர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளின் அதிபர்களான லப்பை வணிகர்களோ இவர்களுள் எவருமல்லர். அவர்கள் தமிழ்நாட்டு முஸ்லிம்கள். அவர்களுடைய பெருமை படையெடுப்பால் வந்ததன்று, ஆவாரம்பட்டையாலும் அயராத உழைப்பாலும் வந்தது.

ஆம்பூரில் பிரெஞ்சுக்காரர் தரப்பு பெற்ற வெற்றியைக் கேட்டுச் சினந்து, ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் பெருஞ்சேனையோடு தெற்கே இறங்கியபோது, கர்நூல் நவாப் ஹிம்மத் கானும் கடப்பை, சவனூர் நவாபுகளும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்களாய் உடன்வந்தனர். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக் கவர்னர் தூப்ளே அந்த நவாபுகளோடு இரகசியமாகக் கடிதத் தொடர்பு கொண்டு, அவர்கள் மனத்தைக் கலைத்தார். 1750 டிசம்பரில், செஞ்சிக்கு அருகே பிரெஞ்சுப் படை நிஜாமின் பாசறையைத் தாக்கிய வைகறையில், யானைமேல் வந்த நாசிர் ஜங் தம்மவரென்று நம்பி ஹிம்மத் கானை நெருங்க, அவரோ தம் எஜமானையே சுட்டு வீழ்த்தினார். தலை ஈட்டிமுனையில் ஏறியது; பிரெஞ்சுக்காரர் ஆதரித்த அவருடைய சகோதரி மகன் முசாபர் ஜங் நிஜாமானார்.

இந்தத் துரோகத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், தூப்ளேயின் தந்திரத்துக்கு ஆட்பட்ட வெறும் பொம்மைகள் என்று இவர்களைத் தள்ளிவிடுவது சரித்திரமாகாது. பேஷ்கஷ் என்னும் கப்பத்தின் பாக்கியைத் தள்ளுபடி செய்யவும், நாடுகளைக் கூட்டித் தரவும், பொக்கிஷத்தில் பங்கு கொடுக்கவும் வேண்டுமென்று அவர்கள் புதுச்சேரியில் வாதாடினர்; தூப்ளே சமரசம் செய்தும், அவர்கள் மனம் நிறையவில்லை. 1751 பிப்ரவரியில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் பாதுகாப்பில் ஹைதராபாத் நோக்கிச் சென்ற முசாபர் ஜங்கைக் கடப்பைச் சீமையின் இராயச்சோட்டிப் பகுதியில் அவர்கள் எதிர்த்தனர். அந்தப் போரில் புதிய நிஜாமும் ஹிம்மத் கானும் ஒரே நாளில் மாண்டனர். நாசிர் ஜங்கின் தம்பி சலாபத் ஜங்கை அரியணையேற்றிய புஸ்ஸி, தக்காணத்தின் அதிகாரத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார்.

பின்னாளில் அந்தப் பட்டாணிய நாடுகளுள் கடப்பையை 1779இல் ஹைதர் அலி கவர்ந்துகொண்டார். கர்நூல் 1839வரை நின்றது; ஆயுதங்களைக் குவித்தார் என்ற சந்தேகத்தால் அதன் இறுதி நவாப் குலாம் ரசூல் கானைக் கும்பெனியார் சிறைப்பிடித்துத் திருச்சிராப்பள்ளியில் வைத்தனர்; 1840இல் அவர் அங்கேயே கொலையுண்டார்.