எச்எம்சி5883எல் காந்தமானி: அச்சு அளவீடுகள்

ஹனிவெல் நிறுவனம் வடிவமைத்த மூவச்சுக் காந்தமானிச் சில்லு. எக்ஸ், ஒய், இசட் என இது தரும் எண்கள் கோணங்கள் அல்ல. அந்தந்த அச்சின் திசையில் அமையும் காந்தப்புலக் கூறுகள். இயல்பு அமைப்பில் 1090 என்பது 1 காஸ். புவிக்காந்தப்புலம் ஏறத்தாழ 0.25 முதல் 0.65 காஸ் வரைதான். ஆகவே ஓர் அச்சு 800ஐத் தாண்டினால் பக்கத்தில் இரும்போ ஒலிபெருக்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். -4096 வந்தால் அளவெல்லை மீறிவிட்டது. பதிவகங்களின் வரிசை எக்ஸ், இசட், ஒய். இந்த விசித்திரத்தைக் கவனிக்காத நிரலில் திசைகாட்டி தாறுமாறாகத்தான் காட்டும்.

சில்லைத் தட்டையாக வைத்துச் சுழற்றினால் எக்ஸும் ஒய்யும் ஏறி இறங்கும். இசட் அநேகமாக மாறாது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய திருநெல்வேலியில், அப்போது இசட் காட்டும் செங்குத்துக் கூறு மிகச் சிறியது. லண்டனிலோ அது கிடைக்கூற்றைவிடப் பெரியது. எக்ஸ், ஒய் ஒவ்வொன்றிலும் இந்தச் சுழற்சியில் கிடைத்த பெரும, சிறும மதிப்புகளின் சராசரியைக் கழித்த பிறகே திசைக்கோணத்தைக் கணக்கிடுவது முறை.