ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்த தண்ணீர்

உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் வருகிறவர்கள், கடற்பாலத்தின் ஓரமாக நெடுகப் படுத்திருக்கும் பெருங்குழாய்களைப் பார்த்திருப்பார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிராங்கூன் சாலைக்குப் போய்த் திரும்பும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், "சார், அந்தக் குழாயில் என்ன போகிறது?" என்று வகுப்பில் கேட்பதுண்டு. தண்ணீர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. ஆற்றிலிருந்து எடுப்பது எளிது, எடுத்ததற்கு ஈடு செய்வது அரிது என்பதைச் சொல்லும் வரலாறு அது. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1919ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அது முறைப்படி திறக்கப்பட்டது. கடலைத் தூர்க்கக் கருங்கல் வேண்டியிருந்தது. புலாவ் உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் பாறைகளை உடைத்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். கல் எடுத்த அந்தப் பள்ளங்களில் இன்று மழைநீர் நிறைந்து குளங்களாகக் கிடக்கிறது. மலையில் தோண்டினால் பள்ளம் விழும், மழை பெய்தால் அது குளமாகும். ஆற்றில் தோண்டினால் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

ஏன் என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தட்டில் மணலைப் பரப்பி, மணல் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஒரு பக்கத்தில் கரண்டியால் குழி தோண்டுங்கள். சுற்றிலும் இருந்த நீர் அந்தக் குழிக்குள் இறங்கிவிடும், மேட்டுப் பக்கத்து மணல் காயத் தொடங்கும். ஆற்றுப் படுகையும் இப்படித்தான். மணலும் சரளைக்கல்லும் வெறும் குப்பையல்ல. அவை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளில் சிறிது சிறிதாக விடுகின்றன. அவற்றை அளவுமீறி அள்ளினால் ஆற்றின் தரை தாழ்கிறது. அதனோடு சேர்ந்து பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்கிறது.

கடலுக்கு அருகே என்றால் இன்னொரு துன்பமும் வரும். ஆற்றின் தரை தாழ்ந்தாலும், ஆற்றில் வரும் நன்னீர் குறைந்தாலும், கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி வந்துவிடும். இலங்கையில் களனி ஆறு இதற்குச் சான்று. நம் உறவுமுறையினர் தேயிலை கிள்ளும் மஸ்கெலியா மலைப் பக்கத்தில் பிறந்து, கொழும்பு நகருக்குக் குடிநீர் தருகிற ஆறு அது. மணல் அள்ளியதால் அதன் படுகை தாழ்ந்தது. வறண்ட மாதங்களில் கடல்நீர் அம்பத்தலையிலுள்ள குடிநீர் நிலையம் வரை ஏறும் ஆபத்து வந்தது. மணல் மூட்டைகளை ஆற்றின் குறுக்கே அடுக்கி உப்பைத் தடுக்கும் நிலைமை உண்டாயிற்று. மணலை அள்ளிய ஆற்றுக்கே மணல் மூட்டையால் கரை கட்டினார்கள் என்றால் அதன் பொருளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். ஜொகூர் ஆற்றில் நீர் குறைந்ததற்கு முதற்காரணம் மணல் அல்ல. இரு கரை மக்களுக்கும் தாகம் பெருகியதே காரணம். 1927ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஜொகூரோடு தண்ணீர் ஒப்பந்தம் செய்துகொண்டு, கூனோங் பூலாய் மலைப் பக்கத்து நீரைக் குழாய் வழியாகக் கொண்டுபோனது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது குழாயும் அறுந்தது. ஒரு நகரத்தின் உயிர் ஒரு குழாயில் தொங்குகிறது என்பதை அன்று எல்லாரும் உணர்ந்தார்கள்.

1961, 1962ஆம் ஆண்டுகளில் புதிய ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1963ஆம் ஆண்டில் கடும் வறட்சி வந்து, சிங்கப்பூரில் ஏறக்குறைய பத்து மாதம் தண்ணீரைப் பங்கீடு செய்தார்கள். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011ஆம் ஆண்டில் முடிந்துவிட்டது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டு வரை செல்லும். அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். அவ்வளவு நீரை ஓர் ஆறு நாள்தோறும் கொடுப்பதென்றால், மழை பொய்க்கும் மாதத்தில் என்ன செய்வது? நன்னீர் மெலிந்தால் கடல் மேலேறும். உப்பு ஏறிய நீரைக் குடிநீராக்க இயலாமல் எடுப்பதையே நிறுத்த நேரும்.

இதற்குத்தான் லிங்கியு அணை பிறந்தது. 1990ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கோத்தா திங்கிக்கு மேலே, ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் அணை கட்டி, 1995ஆம் ஆண்டில் முடித்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிங்கியு நீர் நேராகக் குழாய்க்குப் போவதில்லை. மழைக்காலத்தில் தேக்கிய நீரை வறண்ட காலத்தில் மறுபடியும் ஆற்றிலேயே விடுகிறார்கள். அது கீழே ஓடிவந்து, உள்ளே நுழையப் பார்க்கும் உப்பைக் கடலை நோக்கித் தள்ளுகிறது. பிறகுதான் கீழே குடிநீருக்கு எடுக்கிறார்கள். அதாவது, ஆற்றிடம் வாங்குவதற்கு முன் ஆற்றுக்குக் கொடுக்கிறார்கள்.

சிங்கப்பூரும் தன் நிலத்திலேயே வழி தேடியது. உட்லண்ட்ஸுக்கு மேற்கே கிராஞ்சி ஆற்றின் முகத்தை 1975ஆம் ஆண்டில் அணையிட்டு மூடி, உப்புக் கழிமுகத்தை நன்னீர்த் தேக்கமாக்கினார்கள். பிடோக் வட்டாரத்தில் மணல் தோண்டிய பெரும் பள்ளம் ஒன்று கிடந்தது. அதைத் தூர்க்காமல் நீர்த்தேக்கமாக மாற்றி, 1986ஆம் ஆண்டில் அந்தத் திட்டத்தை முடித்தார்கள். அடுக்குமாடி வீடுகளின் சுற்றுப்புறத்தில் விழும் மழைநீர் அங்கே சேர்கிறது. 2003ஆம் ஆண்டு முதல், பயன்படுத்திய நீரையே நன்கு சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். அதற்கான முதல் நிலையங்களில் ஒன்று கிராஞ்சியில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் கவலை தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் லிங்கியு தேக்கத்தின் இருப்பு அதன் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மழை குறைந்ததால் ஆற்றுக்கு விட வேண்டிய நீர் கூடியது, தேக்கத்துக்கு வரும் நீரோ சுருங்கியது. அணை நீரைச் சேர்த்து வைக்கும், ஆனால் பொழியாத மழையை அதனால் உண்டாக்க முடியாது.

இது நகரத்தார் கவலை மட்டுமல்ல. செம்பனைக்கும் கித்தாவுக்கும் நடுவே ஓடும் நம் தோட்டத்து ஓடைகளும் ஏதோ ஓர் ஆற்றில்தான் போய்ச் சேர்கின்றன. ஓடைக்கரையில் மணல் லாரி வந்து நின்றால், நாலு வீட்டுத் தளம் பூச நல்ல மணல் கிடைத்ததென்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அடுத்த கோடையில் லயத்துக் கிணறு ஏன் வற்றியது என்று கேட்கும்போது அந்த லாரி நம் நினைவுக்கு வருவதில்லை. நாடுகள் இரண்டு கூடி, கோடிக்கணக்கில் செலவிட்டு, ஓர் ஆற்றுக்கு நீர் திருப்பிக் கொடுக்கின்றன. நம் ஓடைக்கு அப்படி அணை கட்டித்தர யாரும் வரப்போவதில்லை. அதன் மணலை அதனிடமே விட்டுவைப்பதுதான் நம் கைக்கு எட்டிய அணை. அடுத்த முறை கடற்பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தக் குழாய்களைக் காட்டுங்கள். காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.