போரில் பழகிய வயர்லெஸ், வெள்ளத்துக்கு உதவிய வரலாறு



2004 டிசம்பர் 26 காலை கடல் முதலில் ஏறியது நமது கிழக்குக் கரையில்தான். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாம் அடிபட்டு அரை மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பிறகே தெற்கில் பெரலியவில் ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அலை கொண்டுபோனது. நமக்கு நடந்தது அங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு துயரம் அதற்கு 51 வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்திலும் நடந்தது. அதன் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வட கடலில் வீசிய புயல் பெரும் நீர்மட்டத்தைத் தெற்கு நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. மாலை 7 மணியளவில் லிங்கன்ஷயர் கரை உடைந்தது. கன்வே தீவுக்குத் தண்ணீர் வந்தது நள்ளிரவு தாண்டித்தான். இடையில் பல மணி நேரம் இருந்தும் ஒரு மாவட்டம் அடுத்த மாவட்டத்துக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. தொலைபேசிக் கம்பிகளும் அறுந்துபோயின. கன்வேயில் மக்கள் தூக்கத்திலேயே மூழ்கினார்கள். இங்கிலாந்தில் மட்டும் 307 பேர், நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். நெதர்லாந்தில் தீவுகள் துண்டிக்கப்பட்டபோது, ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்தான் பல நாட்கள் செய்தி கொண்டுபோனார்கள்.

இங்கிலாந்திலும் இந்தக் கலை தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். 1939இல் போர் தொடங்கியதும் அரசாங்கம் ஹாம்களின் ஒலிபரப்புக் கருவிகளைப் பறிமுதல் செய்தது. ஆனால் கேட்கும் கருவிகள் அவர்களிடமே இருந்தன. அவர்களில் பலரை இரகசியமாகச் சேர்த்து, வீட்டிலிருந்தே ஜெர்மனியரின் மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுத வைத்தது. வேறு பலர் தரைப்படையிலும் விமானப்படையிலும் வயர்லெஸ் இயக்கினார்கள். 1946இல் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்தது. படைகள் கழித்துவிட்ட செட்டுகள் மலிவாக விற்கப்பட்டபோது, படையிலிருந்து வீடு திரும்பியவர்கள் அவற்றை வாங்கித் திருத்திப் பேசத் தொடங்கினார்கள்.

ஆளும் இருந்தது, கருவியும் இருந்தது. சட்டம்தான் இடம் தரவில்லை. ஹாம் ஒருவர் இன்னொரு ஹாமோடு தன் சொந்த விடயத்தைப் பேசலாம். மூன்றாம் ஆளுக்காகச் செய்தி அனுப்பக் கூடாது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, 1953இலேயே ரேநெட் என்ற அவசரகால வலையமைப்பு உருவானது. பொலிஸுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் சென் ஜோன் அம்புலன்ஸுக்கும் செய்தி கொண்டுபோக அனுமதி கிடைத்தது. பேரிடர் வரும்வரை காத்திருக்காமல் அவர்களோடு சேர்ந்து பயிற்சியும் செய்தார்கள். அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. ஒரு காலத்தில் எதிரியின் இருப்பிடத்தை அறிவித்தவர்கள், பிறகு எந்த வீட்டுக் கூரையில் ஆள் இருக்கிறது என்று அறிவிக்கும் வேலைக்குத் தயாரானார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. சுனாமியில் அம்பாந்தோட்டையின் தொடர்புகள் அற்றுப்போனபோது, விக்டர் குணதிலக்கவும் அவரது ஹாம் நண்பர்களும் சிற்றலை மூலம் அந்த ஊரைக் கொழும்போடு இணைத்தார்கள். அந்தமானில் பாரதி பிரசாத் குழுவினரும் அப்படியே உதவினார்கள். இரு குழுக்களிடமும் இருந்தவை ஒரு செட், ஒரு கம்பி, ஒரு பெற்றரி, முன்பே பெற்ற பயிற்சி, இவ்வளவுதான்.

இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் கோபுரம் விழுந்தால், கரண்ட் போனால், அந்தப் போன் வெறும் டோர்ச் லைட்தான். படையிலும் பொலிஸிலும் வயர்லெஸ் பழகி ஓய்வுபெற்றவர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்தால் ஹாம் அனுமதிப்பத்திரம் பெறலாம். பெரியவர்களின் அனுபவத்தையும் பிள்ளைகளின் ஆர்வத்தையும் ஒன்றுசேர்க்க நம் பாடசாலைகளாலும் பள்ளிவாசல் நிர்வாகங்களாலும் முடியும்.

அடுத்த முறை கடல் நம் கரையில் முதலில் ஏறினால், அடுத்த ஊருக்குச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்க வேண்டும்.